தஞ்சையில் படிப்போர் இசையும் சொற்பொழிவும் கேட்க

புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று, கர்நாடக இசைமேதை தியாகராஜரின் நினைவாகத் திருவையாற்றில் நடைபெறும் தியாகராஜ ஆராதனையின் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறுவதால், புதிய நாட்காட்டி கைக்கு வந்தவுடனே அந்நாளைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அவர் இயற்றிய பஞ்சரத்தினக் கிருதிகள் என்னும் ஐந்து பாடல்களை, இசைக்கலைஞர்கள் காவிரிக் கரையில் ஒன்றுகூடிக் காலையில் பாடுவதை அருகிலிருந்து கேட்க விரும்புவோர், தஞ்சையிலிருந்து சுமார் 13 கி.மீ. தானே என்று தாமதிக்காமல் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். சாகித்தியத்தை, அதாவது பாடல் வரிகளை, முன்பே படித்துச் சென்றால், கூட்டத்தோடு சேர்ந்து நீங்களும் பாடலாம். அந்தப் பேரின்பத்தைத் தவறவிடாதீர்கள்.

1981-இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளைப் பற்றி, உரிய துறையின் அலுவலகத்திலேயே நேரில் கேட்டு, வெளியார் வரலாமா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.