பிரவுன் ஷீட்டில் ஒரு பர்ஸ்

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடித்ததும் எல்லார் வீட்டிலும் ஒரு துண்டு பிரவுன் ஷீட் மிஞ்சும். சுருட்டி அலமாரிக்கு மேலே செருகி வைத்திருப்பீர்கள். அதை எடுங்கள். மடிப்புப் பர்ஸ் ஒன்று செய்யலாம். ரூபாய் நோட்டுக்கு ஒரு பெரிய அறை, அதற்கு முன்னால் ஏ.டி.எம். கார்டும் ஆதார் கார்டும் வைக்க ஒரு பை, நடுவில் மடித்தால் சட்டைப் பைக்குள் போகிற அளவு. முக்கால் மணி நேர வேலைதான். பசை காய ஒரு இரவு விட வேண்டும்.

குன்னூரில் ஒரு பைண்டிங் கடையில் 22 வருடம் வேலை பார்த்தேன். தேயிலை ஃபேக்டரிகளின் பேரேடு, கோயில் வரவு செலவு நோட்டு, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று தாளை மடித்தும் தைத்தும் ஒட்டியும் கழிந்த வருடங்கள் அவை. இந்த மலையில் தாளோடு வேலை செய்தால் ஈரத்தோடும் வேலை செய்ய வேண்டும். ஊட்டிப் பக்கம் ஜூன், ஜூலையில் சாரல். எங்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை கொட்டும். இரண்டுக்கும் நடுவே மூடுபனி. நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு ரெக்சின் பர்ஸ் இரண்டே மழைக்காலத்தில் தோல் தோலாக உரிந்து, நோட்டிலெல்லாம் கருப்பாக ஒட்டிக்கொண்டது. அதற்கு அப்புறம் பிரவுன் ஷீட் பர்ஸ்தான். ஒன்று எனக்கு ஒரு வருடம் வருகிறது. கொழுந்து பறிக்கப் போகும் எங்கள் லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) அக்காமார்களுக்கும் செய்து கொடுக்கிறேன். சுருக்குப் பைக்குள் நோட்டைச் சுருட்டித் திணிக்காமல், இதில் விரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

எந்தத் தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், அது மெலிது, மடிப்பில் சீக்கிரம் கிழியும். தினசரி காலண்டர் தாளும் அப்படித்தான். பழுப்புத் தாளைக் கிராஃப்ட் என்பார்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கே வலிமை என்றுதான் பொருள். அதன் நார் நீளம், அதனால் இழுத்தாலும் தாங்கும். ஒரு பக்கம் பளபளவென்று பிளாஸ்டிக் பூசிய ஷீட் வந்தால் விட்டுவிடுங்கள், அதில் மைதாப் பசை பிடிக்காது. தேயிலைத் தூள் அனுப்பும் தாள் மூட்டை கிழிந்தது ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல தாள் இல்லை. பல அடுக்காக இருக்கும், உள்ளே ஈயத்தாள் ஒட்டியதைத் தள்ளிவிட்டு வெளி அடுக்கை உரித்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த வேலையிலேயே முக்கியமான விஷயம். இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

தாளுக்கு ஒரு ஓட்டம் உண்டு. மில்லில் கூழ் ஓடி வரும்போது நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. கடையில் இதைக் கிரெய்ன் என்போம், நான் நாரோட்டம் என்று எழுதுகிறேன். கண்டுபிடிப்பது எளிது. ஷீட்டை மேசையில் வைத்து, ஒரு ஓரத்தைத் தூக்கி மடிக்காமல் சும்மா வளைத்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அடுத்த ஓரத்தைத் தூக்கி அதே மாதிரி செய்யுங்கள். ஒரு பக்கம் லேசாக வளையும், மறு பக்கம் கையை எதிர்த்துத் தள்ளும். லேசாக வளைந்தபோது வளைவு எந்தத் திசையில் நீளமாகக் கிடந்ததோ அதுதான் நாரோட்டம். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். நாரோட்டத்தில் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும்.

இது எதற்கு என்றால், நாரோட்டத்தோடு மடித்த மடிப்பு கத்தி மாதிரி நேராக விழும். நாரைக் குறுக்கே மடித்தால் மடிப்பு கொஞ்சம் பிசிறும், ஆனால் ஆயிரம் தடவை திறந்து மூடினாலும் விட்டுவிடாது, ஏனென்றால் நார்கள் மடிப்பைத் தாண்டிப் பாலம் போல நிற்கின்றன. இந்தப் பர்ஸில் படுக்கையாக ஐந்து மடிப்பு. அவை ஒரு தடவை மடித்ததோடு சரி. நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு மடிப்பு. அதைத்தான் தினமும் திறப்போம், மூடுவோம். அதனால் நாரோட்டம் படுக்கையாக இருக்க வேண்டும். ஐந்தும் நேராக விழும், நடு மடிப்பு உழைக்கும்.

இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964ஆம் வருட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என் அப்பா. மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டைக்குப் பழுப்புத் தாளை மடித்து ஓர் உறை செய்து, சாகும்வரை அதிலேயே வைத்திருந்தார். அந்த உறை இப்போது என் பெட்டியில் இருக்கிறது. ஓரமெல்லாம் இற்றுப்போயிற்று, நடு மடிப்பு மட்டும் இன்றும் விடவில்லை. பைண்டிங் வேலைக்குப் போன பிறகுதான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நார் குறுக்கே ஓடுகிறது. அப்பா தெரிந்து செய்தாரோ, தானாக அமைந்ததோ. நான் தெரிந்து செய்கிறேன்.

சரி, அளவுக்கு வருவோம். 500 ரூபாய் நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம், 6.6 உயரம். இப்போது அச்சடிக்கும் புது நோட்டுகளில் இதுதான் நீளம், இது நுழைந்தால் மற்றப் புது நோட்டெல்லாம் நுழையும். கார்டு 8.56 நீளம், 5.4 உயரம். இரண்டுக்கும் பார்த்து நான் வைத்திருக்கும் அளவு இது: அகலம் 22 சென்டிமீட்டர், உயரம் 28.5. நாரோட்டம் 22 பக்கம் ஓடும்படி வெட்டிக்கொள்ளுங்கள்.

தாளின் நல்ல முகம் மேசையைப் பார்க்கட்டும். மேல் ஓரத்திலிருந்து அளந்து 1, 9, 13.5, 18.5, 27.5 என்று ஐந்து இடத்தில் படுக்கையாகக் கோடு. பென்சிலால் போட்டுவிட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுங்கள். தாள் பள்ளம் விழும், மடிப்பு அங்கே இங்கே ஓடாது. இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நெட்டுக்குத்தாக ஒவ்வொரு கோடு போடுங்கள்.

இப்போது கத்தரி. மேல் ஓரத்திலிருந்து 18.5 கோடு வரை இரண்டு பக்கமும் அந்த ஒரு சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிடுங்கள், ஒரு மில்லிமீட்டர் கூடவே போகட்டும். கீழே 27.5 கோட்டுக்கு அடியில் இருக்கும் துண்டிலும் அப்படியே. மிஞ்சுவது 18.5க்கும் 27.5க்கும் நடுவே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகள். காதின் மேல் முனையையும் கீழ் முனையையும் கொஞ்சம் சாய்வாகக் கத்தரியுங்கள், இல்லாவிட்டால் ஒட்டும்போது மூலை வெளியே துருத்தும்.

மடிக்கும்போது ஒரே ஒரு ஞாபகம் போதும். ஐந்து கோட்டில் நான்கு உங்களைப் பார்த்து மடியும், 9இல் இருக்கும் கோடு மட்டும் எதிர்ப் பக்கம், மேசையைப் பார்த்து மடியும். முதலில் 1இல் இருப்பதையும் 27.5இல் இருப்பதையும் உள்ளே மடித்துவிடுங்கள். சேலைக்கு ஓரம் அடிக்கிற மாதிரி, பர்ஸின் வாய் கிழியாமல் இருக்க. அப்புறம் 9ஐப் பின்னால் மடித்து, 13.5ஐ முன்னால் மடித்தால் ஒரு விசிறி மடிப்பு கிடைக்கும். கடைசியாக 18.5இல் அந்த விசிறியை அப்படியே தூக்கிக் கீழ்ப் பாதியின் மேல் படுக்க வையுங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். முன்னால் 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் உதடு தெரிகிறதா? அதற்குள் கார்டு. பின்னால் 9 சென்டிமீட்டர் ஆழத்தில் நோட்டு அறை. உதடு இதைவிட உயரமாக இருந்தால் கார்டு உள்ளே முங்கிவிடும், பஸ்ஸில் நின்றுகொண்டு விரலால் தோண்ட முடியாது. ஒவ்வொரு மடிப்பையும் ஸ்பூனின் முதுகால் ஒரு தடவை அழுத்தித் தேயுங்கள். நகத்தால் தேய்த்தால் பிரவுன் ஷீட்டில் வெள்ளைக் கோடு விழும்.

பசைக்கு ஒரு ஸ்பூன் மைதா, ஆறு ஸ்பூன் தண்ணீர். பச்சைத் தண்ணீரிலேயே கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரும். இறக்கி ஆறவிடுங்கள். பூச்சி வராமல் இருக்கப் பைண்டிங் கடையில் மயில்துத்தம் போடுவோம். அது விஷம். குழந்தைகள் தொடுகிற பர்ஸுக்கு வேண்டவே வேண்டாம், ஒரு சிட்டிகை படிகாரத் தூள் போதும்.

பசையைக் காதில் மட்டும் தடவுங்கள், அதுவும் மெலிதாக. ஈரம் அதிகமானால் தாள் நாருக்குக் குறுக்கே உப்பிச் சுருங்கும், அந்தச் சுருக்கம் போகவே போகாது. இடது காதை முதலில் முன்பக்கமாக மடித்து ஒட்டுங்கள். வலது காதை உடனே ஒட்டிவிடாதீர்கள். பர்ஸை நடுவில், கார்டுப் பை உள்ளே வரும்படி மடியுங்கள். மடித்தபடியே வைத்து வலது காதை ஒட்டுங்கள். மூடும்போது வெளித்தாள் கொஞ்சம் நீளமாகவும் உள்தாள் கொஞ்சம் குட்டையாகவும் இருந்தால்தான் உட்பக்கம் கசங்காது. தட்டையாக விரித்து வைத்து ஒட்டினால் முதல் நாளே உள்ளே புடைத்துக்கொண்டு நிற்கும். பல பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பசை உள்ளே வழிந்திருந்தால் அறையின் இரண்டு தாளும் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒரு பழைய போஸ்ட் கார்டை நோட்டு அறைக்குள் செருகிவிட்டு, மேலே அம்மிக்கல்லோ கனமான புத்தகங்களோ வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். நவம்பரில் செய்தால் இரண்டு ராத்திரி. அடுப்பு மேட்டில் வைத்துக் காயவைத்தால் வற்றல் மாதிரி வளைந்துவிடும்.

காய்ந்த பிறகு ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியை எடுத்து வெளிப்பக்கம் முழுக்க அழுத்தித் தேயுங்கள், நடு மடிப்பில் இரண்டு தடவை. மேலே ஒரு நியூஸ் பேப்பரை வைத்து, லேசான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு ஓட்டு ஓட்டினால் மெழுகு தாளுக்குள் இறங்கிவிடும். கொட்டுகிற மழையில் நனைந்தால் தாங்காது. மூடுபனிக்கும் சாரலுக்கும், ஈரக் கையோடு எடுப்பதற்கும் நன்றாகத் தாங்கும். பிளாஸ்டிக் உறை போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வருவதற்கு வெகு முன்பே பிளாஸ்டிக் பையை நிறுத்தச் சொன்ன மாவட்டம் நீலகிரி. ஓடையில் எருமை தண்ணீர் குடிக்கிற இடத்தில் கவர் மிதப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் போடுவதில்லை. உள்ளே ஈரம் போனால் பிளாஸ்டிக் அதை வெளியே விடாமல் பூஞ்சணமும் பிடிக்க வைக்கும்.

சில்லறை போடாதீர்கள். நாணயத்தின் கனம் அடி மடிப்பைக் கிழித்துவிடும், அதற்குச் சுருக்குப் பைதான் சரி. கார்டு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு வரை வைக்கலாம்.

முதல் பர்ஸ் செய்யும்போது கோடு போட்டு வெட்டியதும் அதை ஓர் அட்டையில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை ஸ்கேல் தேவைப்படாது. பர்ஸ் எப்போதாவது நனைந்துவிட்டால் நோட்டையும் கார்டையும் உடனே எடுத்துவிட்டு, அறைக்குள் ஒன்றும் வெளியே இரண்டுமாக நியூஸ் பேப்பர் வைத்து, அரிசி டப்பாவுக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். பேப்பரை நடுவில் ஒரு தடவை மாற்றுங்கள். காலையில் மறுபடி மெழுகு தேய்த்து எடுத்துக்கொண்டு போகலாம்.