சைக்கிள் டயரை எப்போது மாற்றுவது? பட்டனை விடுங்கள், நூலைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் டயரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. மழைத் தண்ணீர் கண்ணாடிச் சில்லையும் ஜல்லியையும் அரித்துக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் போடும், நாம் போவதும் அந்த ஓரத்தில்தான், போதாததற்கு ஈரமான ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டிவிடும். திருநெல்வேலிப் பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி போகிற சாலையில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் யார் டயரைத் திருப்பிப் பார்த்தாலும் நாலைந்து வெட்டாவது இருக்கும். அத்தனையையும் தூக்கிப் போட முடியாது. எதை ஓட்டலாம், எதை ஓட்டவே கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டயருக்குள் நைலான் நூல் அடுக்கு இருக்கிறது. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான். மேலே உள்ள ரப்பர் தேய்வதற்காகவே போட்டது. அந்த ரப்பரில் மேடு மேடாக இருக்கிற பட்டன் மொழுமொழுவென்று ஆனதும் பயந்து மாற்றுகிறார்கள், தார் ரோட்டுக்கு அது அவசியமே இல்லை. தண்ணீர் மேல் மிதந்து வழுக்குகிற வேகமெல்லாம் சைக்கிளுக்கு வராது. கன்னடியன் கால்வாய்க் கரை மாதிரி மண் பாதையில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் பட்டன் வேண்டும்.

படி 1: காற்றோடு பார்ப்பது

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஈரத் துணியால் டயரைத் துடைத்து, பக்கவாட்டில் போட்டிருக்கிற பி.எஸ்.ஐ. அளவுக்குள் காற்றடியுங்கள். அளவு காட்டுகிற மீட்டர் வைத்த கால் பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். சில டயர் ஓரிடத்தில் துள்ளும், அல்லது ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு வரும். இது எனக்குப் பிடிபட ரொம்ப நாளானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே துள்ளலுக்கு மூன்று காரணம் இருக்கலாம். ரிம்மும் சேர்ந்து ஆடினால் அது ரிம் கோட்டம், ஸ்போக்கைச் சரிசெய்ய வேண்டும், டயர் மேல் குற்றமில்லை. ரிம் நேராக ஓடி டயர் மட்டும் துள்ளினால், ரிம் விளிம்பை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும், அதைப் பாருங்கள். அந்தக் கோடு ஓரிடத்தில் மட்டும் ரிம்முக்குள் இறங்கியோ வெளியே ஏறியோ இருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். காற்றைப் பாதி இறக்கி, கையால் பிசைந்து உட்கார வைத்து மறுபடி அடித்தால் சரியாகிவிடும். கோடு சுற்றிலும் ஒரே சீராக இருந்தும் டயர் புடைக்கிறதா? உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயரை அன்றைக்கே கழற்றுங்கள், கடைக்குப் போகக்கூட அதில் ஏறாதீர்கள், உருட்டிக்கொண்டே போங்கள்.

படி 2: காற்றை இறக்கிவிட்டு வெட்டைப் பார்ப்பது

காற்று இருக்கும்போது வெட்டின் ஆழத்தைக் கணிக்க முடியாது. முழுக்க இறக்கிவிட்டு, வெட்டு இருக்கிற இடத்தை இரண்டு கைப் பெருவிரலாலும் வளைத்தால் அது வாய் திறக்கும். உள்ளே கறுப்பு ரப்பர் மட்டும் தெரிந்தால் கவலையில்லை, சிக்கியிருக்கிற கல்லையோ சில்லையோ மழுங்கின ஊசியால் எடுத்துவிட்டு ஓட்டலாம். வெள்ளையாகவோ பழுப்பாகவோ நூல் தெரிந்து, அது அறுபடாமல் இருந்தால் அடிக்கடி கண்காணியுங்கள். நூல் அறுந்து பிசிறு பிசிறாக நின்றால் மாற்ற வேண்டியதுதான்.

அறுந்த வெட்டு பக்கவாட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அங்கே ரப்பர் மெலிது, ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிற இடமும் அதுதான். பக்கவாட்டில் சுற்றிலும் மயிரிழை மாதிரி வெடிப்பு இருப்பது வேறு விஷயம். வெயிலில் நிறுத்துகிற வண்டிக்கெல்லாம் அது வரும், நூல் தெரியாத வரைக்கும் ஓட்டலாம்.

நடுவழியில் வெட்டுப்பட்டால் பழைய டயரின் பக்கவாட்டுத் துண்டை வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைத்து, காற்றைக் குறைவாக அடித்து வீடு வந்து சேரலாம். நம்ம ஊர்ச் சைக்கிள் கடை அண்ணாச்சிகள் காலங்காலமாகச் செய்கிற வேலை. ஆனால் முன் சக்கரத்தில் அதையே நிரந்தரமாக வைத்து ஓட்ட வேண்டாம்.

படி 3: தேய்மானம்

பின் டயர்தான் முதலில் தேயும், நம் எடையும் மிதிக்கிற விசையும் அங்கேதான் இறங்குகிறது. உருண்டையாக இருந்த முதுகு தட்டையாகி, நடுவில் நூல் எட்டிப் பார்த்தால் ஆயுள் முடிந்தது. ஒரு டயர்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், முன்னால் இருப்பது நன்றாக இருக்கும்பட்சத்தில் அதைப் பின்னுக்கு மாற்றி, புதுசை முன்னால் போடுங்கள். பின் டயர் வெடித்தால் பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம், முன் டயர் வெடித்தால் ஹேண்டில்பார் கைக்கு அடங்காது.

வாங்கும்போது 26 என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். 26 x 1⅜ டயரும் 26 x 1.95 டயரும் ஒன்றுக்கொன்று சேராது. முதலாவதின் உள்விட்டம் 590 மில்லிமீட்டர், இரண்டாவது 559. பழைய டயரின் பக்கவாட்டில் சின்னதாக 37-590 என்கிற மாதிரி எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், டியூபைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் லீவர் இரண்டு இருந்தால் போதும்.

பிறகு சேர்த்தது: புது டயர் போட்டும் பஞ்சர் ஆகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். ரிம் பக்கம் இருந்தால் ஸ்போக் முனை குத்துகிறது, அந்த முனைகளை மூடுகிற ரிம் டேப்பை மாற்றுங்கள். ஓட்டை ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் வால் டியூபை, அதாவது வால்வுக்குள் இருக்கிற சின்ன ரப்பர் குழாயை, மாற்றிப் பாருங்கள்.

பழைய டயரையே திரும்பப் போட்டவர்களுக்கு வேறு தொல்லை. சீமைக்கருவேல முள் வெளியே முறிந்து, நுனி மட்டும் டயருக்குள் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டுத் தேடாதீர்கள், பஞ்சை உருட்டி உள்பக்கம் முழுக்கத் தடவிக்கொண்டு வந்தால் முள் இருக்கிற இடத்தில் இழை மாட்டிக்கொள்ளும். டயரை மாட்டும்போதே கம்பெனிப் பெயரை வால்வுக்கு நேராக வைத்துவிட்டால், டியூபில் ஓட்டை இருக்கிற தூரத்தை வைத்தே டயரில் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.