அவரையில் அசுவினி: வெர்டிசிலியம் லெகானி அடித்த அனுபவம்

ஐப்பசி மூடாப்பு தொடங்கியதும் என் அவரைப் பந்தலில் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி, ஏறிவிட்டது. கொழுந்து, பூங்கொத்து, பிஞ்சு எல்லாம் கறுப்பாக மொய்த்து, இலையெல்லாம் பிசுபிசுப்பு. வீட்டுக்குப் பறிக்கிற காயில் விஷ மருந்து அடிக்க மனம் வரவில்லை.

அதனால் பூச்சியைக் கொல்லும் பூசணமான வெர்டிசிலியம் லெகானி தூள் வாங்கினேன். உயிருள்ள பூசணம் என்பதால் பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வடிகட்டி, வெயில் இறங்கிய பிறகு அடித்தேன். இதன் வித்து பூச்சியின் மேல் பட்டால்தான் வேலை. தோலைத் துளைத்து உள்ளே வளரும். அதனால் இலையின் அடிப்பக்கமும் கொழுந்தின் மடிப்பும் நன்றாக நனையவேண்டும். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் வித்து முளைக்காது. சித்திரை வெயிலில் இதை நம்பமாட்டேன்.

மறுநாளே சாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு வாரம் போல ஆகும். அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், செத்த அசுவினி மேல் பஞ்சு போல வெள்ளைப் பூசணம். அதைப் பார்த்தபோதுதான் மனசு ஆறியது. பந்தக்காலில் எறும்பு ஏறாமல் தடுத்ததும் உதவியது. எறும்பு அசுவினிக்குக் காவல் இருந்து, அதைத் தின்னும் பொறிவண்டை விரட்டும். கார்பெண்டாசிம் மாதிரி பூசணக்கொல்லியை மட்டும் இதோடு கலக்கவே கூடாது, இந்த நல்ல பூசணத்தையும் கொன்றுவிடும்.