இட்லியிலிருந்து தொடங்குங்கள்: இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு சுகர் எகிறாமல் இருக்க

என் மகளுக்கு 7 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது, இப்போது அவளுக்கு 11. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது "சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டுடுங்கம்மா" என்றார்கள். எவ்வளவு முன்னாடி என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஊசியைப் போட்ட கையோடு தட்டை வைத்துவிடுவேன், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 290, 310 என்று நிற்கும். இட்லிதான் ஆகவில்லை போல என்று நாலு இட்லியை இரண்டாக்கினேன், பிள்ளை அரைவயிற்றோடு பள்ளிக்கூடம் போனாள். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே விட வேண்டிய நேரம்தான் கோளாறு என்று புரிய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் வேறு எந்த வீட்டிலும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சாப்பாட்டு நேர ஊசியையும் நாள் முழுக்க வேலை செய்யும் ஊசியையும் தனித்தனியாகப் போடுகிறவர்களுக்கான முறை. இரண்டு வகை இன்சுலினும் ஒன்றாகக் கலந்தே வரும் 30/70 கலவை போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. டோஸை மாற்றுவது டாக்டரிடம் கேட்டுத்தான்.

முதல் வேலை, ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வேளையையும் ஒரே நேரத்தில் சரி செய்யப் போனால் எதுவுமே புரியாது. நாங்கள் காலை இட்லியை எடுத்துக்கொண்டோம். லீவு நாட்களாகப் பார்த்து நாலைந்து நாள், அதே மாவு, அதே எண்ணிக்கை, அதே சட்னி.

இரண்டாவது, உங்கள் கையில் இருப்பது எந்த இன்சுலின் என்று பெயரைப் படித்துப் பாருங்கள். ரெகுலர் என்றால் போட்டு 30 நிமிடம் கழித்துச் சாப்பிட வேண்டும், அது வேலையைத் தொடங்கவே அரை மணி ஆகும், உச்சத்துக்கு வர 2 முதல் 4 மணி நேரம். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலிசின் மாதிரி வேகமான வகை என்றால் சுமார் 15 நிமிட இடைவெளி போதும். இட்லி மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் செரித்து, ஊசி விழித்துக்கொள்வதற்குள் சுகரை ஏற்றிவிடும். ஊசி போட்டதும் போனில் அலாரம் வையுங்கள், பிள்ளை அதற்குள் தலை பின்னிக்கொள்ளட்டும், ஷூ போடட்டும். ஆனால் சாப்பாட்டுக்கு முன்பே சுகர் 70க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், ஊசிக்கு அப்புறம் காத்திருக்கும் வேலையும் அன்றைக்கு வேண்டாம்.

குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள், இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனா வடிவ ஊசியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 100, அந்த வகைக்கான சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

மூன்றாவது, எடை போடுங்கள். மளிகைச் சாமான் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், விலை அதிகமில்லை. எங்கள் வீட்டு இட்லி ஒன்று 40 கிராம், அதில் மாவுச்சத்து சுமார் 10 கிராம். உங்கள் வீட்டு இட்லி பெரிதாக இருந்தால் கணக்கும் பெரிதாகும். சாம்பாரில் பருப்பு இருக்கிறது, அதையும் சேர்க்க வேண்டும். தேங்காய்ச் சட்னியில் மாவுச்சத்து குறைவு. ஒரு யூனிட் எத்தனை கிராமுக்கு என்பதை டாக்டர் சொல்வார், தோராயமாக அவர்கள் போடும் கணக்கு இதுதான்: 500ஐ ஒரு நாளின் மொத்த யூனிட்டால் வகுப்பது. நாளைக்கு 25 யூனிட் போடுகிறவருக்கு 20 வரும், அதாவது 20 கிராமுக்கு ஒரு யூனிட், நாலு இட்லிக்கு 2. இது தொடக்கப் புள்ளிதான், உடம்புக்கு உடம்பு மாறும்.

நாலாவதுதான் இதில் முக்கியமானது, மூன்று முறை விரலில் குத்திப் பார்ப்பது: சாப்பிடும் முன், முதல் வாய் வைத்து 2 மணி நேரம் கழித்து, 4 மணி நேரம் கழித்து. (ரெகுலர் போடுகிறவர்கள் கடைசிச் சோதனையை 5, 6 மணி நேரத்துக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.) நடுவில் எதுவும் கொறிக்கக் கூடாது, ஆனால் சுகர் இறங்கினால் சோதனையை அப்படியே விட்டுவிட்டுச் சர்க்கரை கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒருநாள் ஆரஞ்சு உரித்த விரலில் குத்தி 340 வந்து பதறிப்போனேன், கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 146.

எண்களை நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். 2 மணி நேரத்தில் ஏறி, 4 மணி நேரத்தில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டால் டோஸ் சரி, இடைவெளிதான் போதவில்லை. இரண்டிலும் ஏறியே நின்றால் டோஸ் குறைவு, அல்லது சாப்பாட்டைக் குறைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். 2ல் நன்றாக இருந்து 4ல் 70க்குக் கீழே போனால் டோஸ் அதிகம். சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 180க்குள் என்பது பொதுவான இலக்கு, உங்களுக்கு எது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்கள் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் ஒருநாள் 150, ஒருநாள் 300 என்று ஆடினால் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி மாதிரி தடித்திருக்கும், அங்கே போடும் மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. வயிற்றில் ஒரு விரல் அளவாவது தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

இப்போது நான் பயந்த இரவைச் சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் பரோட்டா, குருமா. 2 மணி நேரத்தில் 280, பொறுக்க முடியாமல் இன்னொரு ஊசி போட்டேன், முதல் ஊசியே இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தது. ராத்திரி பதினொன்றரைக்குப் பிள்ளையின் கழுத்து வேர்த்து நனைந்திருந்தது, பார்த்தால் 52. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், திரும்பக் குத்திப் பார்த்ததில் 88. அந்த நேரத்தில் சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பரோட்டா, பிரியாணி, நெய் மிதக்கும் பொங்கல் எல்லாம் மெதுவாக ஏறும், 3 முதல் 5 மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் ஏறிய சுகரை இறக்கப் போடும் திருத்த ஊசி என்றால் முந்தைய ஊசியிலிருந்து குறைந்தது 3, 4 மணி நேரமாவது விடுங்கள். வாந்தி, காய்ச்சல் என்று சாப்பிடாமல் கிடக்கும் நாளிலும் நீண்ட நேர ஊசியை நிறுத்தக் கூடாது. சுகர் 250க்கு மேலே போய் வாந்தியும் இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) இருக்கிறதா என்று பாருங்கள், பார்க்க வழியில்லாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

இட்லி பிடிபட்டதும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாதத்துக்கு வாருங்கள். வெந்த சாதம் 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். முதலில் பொரியலையும் முட்டையையும் சாப்பிடச் சொல்லிவிட்டு அப்புறம் சாதத்தைப் போடுங்கள், ஏற்றம் கொஞ்சம் குறையும். தராசில் தட்டை வைத்து முதலில் பூஜ்யமாக்கிக்கொள்ள மறக்காதீர்கள்.