மாதாமாதம் பறவைக் கணக்கு: ஏற்காட்டுக்காரர் எழுதுகிற முறை

எனக்கு எஸ்டேட்டில் செக்ரோல் எழுதுகிற வேலை. யார் வந்தார், யார் வரவில்லை என்று தினமும் குறிப்பதுதான் பிழைப்பு. பறவைக் கணக்கும் எனக்கு அப்படித்தான். வந்ததை மட்டும் எழுதிவிட்டு வராததை விட்டுவிட்டால் அது கணக்கே இல்லை. அபூர்வப் பறவையைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது எந்த மாதம் வருகிறது, எப்போது போகிறது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

முதலில் பாதை. ஒரு கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றரை. நிழல்மரம் போட்ட காப்பித் தோட்டம், கொஞ்சம் வெட்டவெளி, ஓர் ஓடை மூன்றும் அதில் வந்தால் நல்லது. சுற்றுலா வண்டி நிற்கிற இடம் வேண்டாம். மே மாதம் கோடை விழாக் கூட்டத்திலும் நடக்க முடிகிற பாதையா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வருஷா வருஷம் நோட்டில் மே மாதக் கட்டம் காலியாகத்தான் கிடக்கும்.

சேலத்தில் இருப்பவர்கள் இதற்காக மலையேற வேண்டாம், மூக்கனேரிக் கரையே போதும். ஏரிக்குள் மண்மேடுகள் போட்டு மரம் வைத்த பிறகு பறவை தங்க அங்கே நல்ல இடம் இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதாதீர்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற 20 கொண்டை ஊசி வளைவுக்குள் நிலம் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. கீழே சேலத்துக்குள் செம்புழைச் சின்னான் (சின்னான் என்றால் புல்புல்) என்றால், மேலே காப்பித் தோட்டத்தில் செம்மீசைச் சின்னான். மலைச்சரிவின் பாறையும் புதருமான இடத்துக்கு மஞ்சள் தொண்டைச் சின்னான். அது தென்னிந்தியாவில் மட்டுமே இருக்கிற பறவை. அதன் கூட்டைப் பார்த்தால் இடத்தை யாருக்கும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது.

அப்புறம் நேரம். விடிந்ததிலிருந்து ஒரு மணி நேரம், எல்லா மாதமும் அதே நேரம். மாதத்துக்கு நான்கு நடை போனால் நல்லது, முடியாதவர்கள் இரண்டு நடையாவது போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் ஆள் இறங்குவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். பழம் பறிக்கிற அக்காமார்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பதும் லாபம். எந்தச் செடிக்கு அடியில் எது மேய்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு பைனாகுலர் வைத்திருக்கிறவருக்குத் தெரியாது.

எண்ணுவதில்தான் பலர் சோம்பல் படுவார்கள். காக்கை, மைனா எல்லாவற்றையும் எண்ண வேண்டும். "நிறைய" என்று எழுதாதீர்கள், தோராயமாக ஓர் எண் போடுங்கள். உழவாரக் குருவி கூட்டமாகச் சுற்றினால், கண்ணால் பத்து பத்தாகப் பிரித்து எண்ணலாம். தவிட்டுக்குருவி புதருக்குள் இருக்கும்போது எண்ணவே முடியாது. பாதையைத் தாண்டுகிற வரை காத்திருங்கள். ஒன்று தாழப் பறந்து எதிர்ப்புறம் போகும், பின்னாலேயே அடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியாக ஒன்று தயங்கி நின்று கத்திவிட்டுத்தான் வரும். அதையும் சேர்த்துக்கொண்டு நோட்டை மூடுங்கள்.

செப்டம்பர், அக்டோபர்தான் எனக்குப் பிடித்த மாதங்கள். வடக்கிலிருந்து விருந்தாளிகள் வந்து சேருகிற நேரம். வயிறு மஞ்சளாக, ஓடைக்கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் சாம்பல் வாலாட்டி முதலில் கண்ணில் படும். இலைக்கூட்டத்துக்குள் "ச்சிவீ" என்று விடாமல் சத்தம் கேட்டால் பச்சைக் கதிர்க்குருவி. முழுசாகப் பார்ப்பது கஷ்டம், சத்தத்தை வைத்தே எழுதலாம். அடுத்தது ஆறுமணிக் குருவி. காப்பிச் செடிக்கு அடியில் சருகு புரளும். குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டி, இரண்டு தத்து தத்தி நிற்கும். திரும்பும்போதுதான் வாலடிச் சிவப்பு தெரியும். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும், பெயர் வந்ததே அதனால்தான். மொபைலில் அதன் குரலைப் போட்டு வரவழைக்கிற வேலை மட்டும் வேண்டாம். இரை தேட வேண்டிய நேரத்தில் எதிரி வந்துவிட்டது என்று அலையும்.

நவம்பர், டிசம்பரில் மூடுபனி இறங்கினால் பத்தடி தெரியாது. அன்றைக்கும் நடங்கள், "பனி, காதால் மட்டும்" என்று மேலே குறித்துவிடுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் உலக அளவிலான கணக்கெடுப்பும் வருகின்றன, உங்கள் வழக்கமான நடையே அதற்கும் ஆகும். 15 நிமிடம் நின்று எண்ணினால்கூட ஏற்றுக்கொள்வார்கள். மார்ச்சிலிருந்து குக்குறுவான் சத்தம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். ஏப்ரல், மே போனால் பச்சைக் கதிர்க்குருவி சத்தம் நின்றுவிடும். ஜூனில் அதன் கட்டத்தில் பூஜ்யம் போடுங்கள். காலியாக விட்டால் அன்று நடக்கவில்லையா, பறவை இல்லையா என்று பின்னால் பார்க்கிறவருக்குத் தெரியாது.

பெயர் தெரியாத பறவைக்கு ஊகத்தில் பெயர் வைக்காதீர்கள். "கதிர்க்குருவி வகை" என்று எழுதினால் போதும்.

நோட்டில் எழுதியதை அன்று இரவே பறவைப் பட்டியல் சேர்க்கிற இ-பேர்டு (eBird) செயலியில் ஏற்றிவிடுங்கள். தொடங்கிய நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் போனீர்கள் என்பதைக் கேட்கும். பார்த்த, கேட்ட எல்லாப் பறவையையும் சேர்த்தாயிற்றா என்றும் கேட்கும், காக்கையையும் எண்ணியிருந்தால் கூசாமல் "ஆம்" சொல்லலாம். பட்டியல்கள் சேரச் சேர, ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்து எது எப்போது தென்படுகிறது என்று அதுவே பட்டைப்படம் போட்டுத் தரும். நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பனி, மழை, எந்த மரத்தில் கவாத்து நடந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.