சாக்கி அறைக்கு வெதுவெதுப்பான ரேடியேட்டர்

மார்கழி, தை மாதங்களில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவில் 14 டிகிரிக்குக் குளிர் இறங்கும்போது, 26 முதல் 28 டிகிரி வரை வெப்பம் தேவைப்படும் சாக்கிப் புழுக்களை, அதாவது இரண்டாம் தோலுரிப்பு வரையிலான இளம் பட்டுப்புழுக்களை, பலரும் கரி அடுப்பு மூட்டியே காப்பாற்றி வருகிறோம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது ஆளுக்கும் ஆபத்து, புழுவுக்கும் ஆகாது. விசிறி வைத்த சூட்டுக்காற்றுக் கருவியோ, தட்டில் பரப்பிய மல்பெரிக் கொழுந்து இலையைப் புழு தின்பதற்குள் வாட்டிவிடும். உள்ளே சுடுநீர் ஓடி, காற்றை விசிறாமல் சூடேற்றும் இரும்புப் பலகையான ரேடியேட்டரை, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்புடன் இணைப்பதே இங்கே பொருத்தம் என்பது என் முடிவு.

முதலில் கூரையைக் கவனியுங்கள். 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம், 9 அங்குலச் செங்கல் சுவர், காங்கிரீட் கூரை கொண்ட அறையை வெளியைவிட 12 டிகிரி கூடுதலாக வைத்திருக்க, மணிக்கு ஒருமுறை அறைக்காற்று மாறுவதாகக் கொண்டால், ஏறத்தாழ 2.8 கிலோவாட் வெப்பம் வேண்டும். கூரைக்கு அடியில் 2 அங்குலத் தெர்மகோல் அடித்தாலே அது 2 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். சாக்கிக்கு வேண்டிய 85 விழுக்காடு ஈரப்பதத்துக்காக நாம் வைக்கும் தண்ணீர் ஆவியாவதற்கும் வெப்பம் செலவாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதற்கென 0.6 கிலோவாட் சேர்த்து, 2.6 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த கணக்கில்தான். தயாரிப்பாளர் அட்டவணையில் தரும் ரேடியேட்டரின் திறன், 75 டிகிரியில் நீர் நுழைந்து 65 டிகிரியில் வெளியேறி, அறை 20 டிகிரியில் இருக்கும் நிலைக்கு, அதாவது நீரின் சராசரி 70 டிகிரிக்கும் அறைக்கும் இடையிலான 50 டிகிரி வேறுபாட்டுக்குச் சொல்லப்படுவது. ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட நீர் 45 டிகிரியில் போய் 40 டிகிரியில் திரும்ப வேண்டும், சராசரி 42.5, அறை 26 என்றால் வேறுபாடு 16.5 டிகிரிதான். வேறுபாடு மூன்றில் ஒரு பங்காகும்போது திறன் அதைவிடவும் கூடுதலாகக் குறைந்து, கால் பங்குக்கும் சற்றுக் கீழே போய்விடும். ஆகவே 2.6 கிலோவாட் கிடைக்க, அட்டவணைப்படி 11 கிலோவாட் அளவுக்கு, அதாவது 2 கிலோவாட் இரட்டைப் பலகை ரேடியேட்டர்கள் 6 வாங்க வேண்டும். செலவு உறைக்கத்தான் செய்யும். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்து நீரின் சூட்டை ஏற்றினால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப்பின் ஆதாயம் கரைந்துபோகும்.

அவற்றைச் சுவரோரம் தாழ்வாக, தட்டு அடுக்கிலிருந்து 2 அடியாவது தள்ளிப் பொருத்துங்கள். வெப்பநிலை உணர்வியை அடுக்கின் நடுத்தட்டு உயரத்தில் தொங்கவிட வேண்டும். சுவரில் மாட்டினால் அது சுவரின் குளிரையே படிக்கும். நீர் நிரப்பியதும் ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் உள்ள திருகைத் தளர்த்தி, சீறல் நின்று நீர் கசியும்வரை காற்றை வெளியேற்றுங்கள்.

முதல் நாள் பலகையில் கை வைத்தால் சுடாது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வேலை செய்யவில்லையோ என்று பதறிச் சூட்டைக் கூட்ட வேண்டாம். கரி அடுப்பைப் போல மாலையில் மூட்டி விடியலில் அணைக்கும் பழக்கமும் இதற்கு உதவாது. முட்டை பொரிப்பதற்கு முந்தைய நாளே ஓடவிட்டு, இரண்டாம் தோலுரிப்பு முடியும்வரை நிறுத்தாதீர்கள். மின்தடைக்கு ஜெனரேட்டர் இருந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு முறை புழு வளர்ப்பு முடிந்ததும் 2 விழுக்காடு பிளீச்சிங் பவுடர் கரைசலால் வளர்ப்பு மனையைக் கழுவுகிறோம் அல்லவா, அந்தக் குளோரின் இரும்புப் பலகையின் அடிவிளிம்பில் தங்கி, வண்ணம் உரிந்த இடத்திலெல்லாம் துருவாகப் பூக்கும். கிருமிநீக்கம் முடிந்தபின் ரேடியேட்டரை, குறிப்பாக அடிவிளிம்பையும் பின்புறத்தையும், நல்ல தண்ணீரால் இருமுறை துடைத்து உலரவிடுங்கள்.