மாரித் தடிமன் என்னை விட்டது இப்படித்தான்

ஐப்பசி பிறந்து கல்லடிப் பக்கம் மழை இறங்கினால் போதும், எனக்குத் தடிமன் வந்துவிடும். நனைவதால்தான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் தடிமனைத் தருவது வைரஸ், மழைக்கு யன்னலைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே அறைக்குள் இருக்கும்போது லேசாகத் தொற்றிவிடும், பஸ் கம்பியைப் பிடித்த கையால் மூக்கைத் தேய்க்கிற பழக்கம் வேறு எனக்கு. சரி என்று போன மாரியில் கிணற்றடியில் ஒரு சவர்க்காரக் கட்டி வைத்தேன். வெளியே போய் வந்தால் 20 விநாடி நகக்கண் வரை தேய்த்துக் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, மகனுக்கும் அதேதான். தூறல் விட்டதும் யன்னலைத் திறந்துவிடுவேன். இரவில் அம்மா வேர்க்கொம்பு தட்டிப் போட்டு அவிக்கும் மல்லித்தண்ணி வைரஸைக் கொல்லாது, ஆனால் தொண்டைக்கு அவ்வளவு இதம். தை பிறக்கும்வரை ஒரே ஒரு தடவைதான் மூக்கு ஒழுகியது.